முன்வரிசையில் குழந்தைகளை உட்கார வைத்த வாரியார் சுவாமிகள்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

போன கிருத்திகை அன்னைக்கு எங்க ஊர் கீழ்பென்னாத்தூர்ல நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

கிருத்திகை பூஜை முடிஞ்சதும், பிரசாதம் கொடுக்கறதுக்கு முன்னாடி, குழந்தைங்களை ஆளுக்கு ஒரு முருகன் கதை சொல்ல வைக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பிச்சதிலிருந்து அந்தப் பொறுப்பு என் தலையில். அன்னைக்கு அக்கா பொண்ணு எழுந்து நின்னா. ரெண்டாங்கிளாஸ். அவ்வையார் நாவல் மரத்தடிக்கு வந்த கதை. சுட்ட பழமா சுடாத பழமான்னு மரத்து மேல இருந்த மாட்டுக்காரப் பையன் கேட்ட கதைதான், உங்களுக்குத் தெரியாததா. ஒரு வார்த்தை தப்பில்லாம சொன்னா. ஆனா அவ்வையார் பழத்தில் ஒட்டிய மண்ணை ஊதினார், பையன் சிரித்தான், அவ்வையார் ஆச்சரியப்பட்டார், வந்தது முருகன் என்று அறிந்தார் என்று எல்லாமே ஒரே குரல். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. எல்லாரும் கை தட்டினோம். அவளும் கடமை முடிஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டா.

பக்கத்துல இருந்த பெரியப்பா என் காதுகிட்ட குனிஞ்சு, இந்தப் பொண்ணு வாரியார் எதிர்ல உட்கார்ந்திருக்கணும்டா என்றார்.

எனக்கு சுருக்குன்னு இருந்தது. ஏன்னா அவளுக்கு அந்தக் கதையை மனப்பாடம் பண்ண வச்சதே நான்தான். நிறுத்தற இடத்தில் நிறுத்து, ஆச்சரியக்குறி வந்தா குரலை ஏத்துன்னு ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்திருந்தேன். கோடிங் மாதிரி சொல்லிக் கொடுத்தா குழந்தை கம்ப்யூட்டர் மாதிரிதானே சொல்லும்? அன்னைக்கு ராத்திரியிலிருந்து வாரியார் சுவாமிகளோட பழைய கேசட் பதிவுகளை யூடியூப்ல கேட்க ஆரம்பிச்சேன். அவரோட வாழ்க்கையையும் தேடித் தேடிப் படிச்சேன். நம்ம வயசுல நிறைய பேருக்கு அவர் நெற்றி நிறைய திருநீறும் கழுத்தில் ருத்ராட்சமுமா ஒரு படம், அவ்வளவுதான். அவர் குழந்தைகளை எப்படிப் பேச வைத்தார் என்ற பக்கத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு இங்கே எழுதறேன்.

திருமுருக கிருபானந்த வாரியார் 1906 ஆகஸ்ட் 25 அன்று காங்கேயநல்லூரில் பிறந்தார். வேலூருக்கு எதிர்ப்பக்கம், பாலாற்றைத் தாண்டினால் காட்பாடி பக்கத்தில் இருக்கும் ஊர். காங்கேயன் என்பதே கங்கையின் மகனான முருகனுடைய பெயர்தான். ரொம்ப வருஷம் வேலூர், திருவண்ணாமலை, நம்ம கீழ்பென்னாத்தூர் எல்லாமே ஒரே வட ஆற்காடு மாவட்டமா இருந்தது. 1989ல் தான் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதனால எங்க ஊர்ப் பெரியவங்க அவரை நம்ம ஜில்லாக்காரர் என்றுதான் இன்னும் சொல்வாங்க.

அப்பா மல்லையதாசர், அம்மா கனகவல்லி. பதினொரு பிள்ளைகளில் இவர் நான்காவது. அப்பாவும் புராணம் சொல்பவர். இசையும் இலக்கியமும் நன்றாகத் தெரிந்தவர். அவர் மகனைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை! மூன்று வயதிலிருந்து தானே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து வயதில் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்து, வீரசைவ மரபுப்படி ஒரு மடத்தில் சிவலிங்கம் கட்டி வைத்தார்கள். எட்டு வயதில் வெண்பா எழுதினார், பன்னிரண்டு வயதுக்குள் பதினாயிரம் பாடல்கள் மனப்பாடம் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம்.

இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் குழப்பம் வந்தது. அவரும் மனப்பாடம்தானே பண்ணார்? நான் அக்கா பொண்ணுக்குப் பண்ணதும் அதுதானே? அப்புறம் அவர் பேச்சு ஏன் அப்படி உயிரோட இருக்கு, இவ கதை ஏன் இப்படி?

யோசிச்சுப் பார்த்தா, அவர் தாளைப் பார்த்து மட்டும் கற்றவர் இல்லை, காதால் கற்றவர். அப்பா பாடுவார், மகன் கேட்பார், திருப்பிப் பாடுவார். பாட்டு எங்கே கெஞ்சுது, எங்கே திகைக்குது என்பதெல்லாம் அப்பாவின் குரலோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கும். நான் கொடுத்தது ஒரு பிரின்ட் அவுட். அதுல இருந்த ஆச்சரியக்குறி ஒரு கோடும் ஒரு புள்ளியும், அவ்வளவுதான். ஓலைச்சுவடிகள்ல அந்தக் குறி கிடையாது. அச்சு வந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது அது. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க ஆச்சரியப்படாமலா இருந்தாங்க? அடேயப்பாவும் ஐயையோவும் அந்தோவும் குறி இல்லாமலே குரல்ல இருந்தது. தொல்காப்பியர் உடம்பில் தெரியும் உணர்ச்சிகளுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்து, எட்டு வகையாகப் பிரித்து, அதற்கு ஒரு தனி இயலே எழுதி வைத்திருக்கிறார். அந்த எட்டில் வியப்பும் ஒன்று.

சரி, வாரியாருக்கு வருவோம். பதினெட்டு வயதிலேயே மேடை ஏறிச் சொற்பொழிவு செய்ய ஆரம்பித்துவிட்டார். பத்தொன்பது வயதில் அமிர்தலட்சுமி அம்மையாரோடு திருமணம். பிறகு சென்னையில் நான்கு வருடம் வீணையும் கற்றார். 1936ல் திருப்புகழ் அமிர்தம் என்று ஒரு மாத இதழ் தொடங்கி 37 வருடங்கள் நடத்தினார். ஒரு பிளாக்கை ரெண்டு வருஷம் தொடர்ந்து எழுதறதுக்கே எனக்கு மூச்சு வாங்குது. நூற்றைம்பது புத்தகங்களுக்கு மேல் எழுதினார். அதில் குழந்தைகளுக்காக எழுதிய ஒன்றின் பெயர் தாத்தா சொன்ன குட்டிக்கதைகள். வயலூர் முருகன் மேல் அவருக்கு இருந்த பக்தி எல்லாருக்கும் தெரியும். மக்கள் அவரை அறுபத்து நான்காவது நாயன்மார் என்றே அழைத்தார்கள்.

இதெல்லாம் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது அவருடைய மேடைக்கு முன்னால் இருந்த அந்த இடத்தைப் பற்றி.

அந்தக் காலத்துக் கோயில் திடலைக் கற்பனை பண்ணிக்கோங்க. டிவி இல்லாத ராத்திரி. சாப்பிட்டு முடிச்சு, பாயைச் சுருட்டிக்கிட்டு ஜனங்க வருவாங்க. பொதுவா இந்த மாதிரிக் கூட்டத்துல குழந்தைங்களுக்கு என்ன இடம்? ஓரமா உட்காரு, சத்தம் போடாதே, தூக்கம் வந்தா தூங்கு. வாரியார் சுவாமிகள் இதைத் திருப்பிப் போட்டார். குழந்தைகளை முன்வரிசைக்கு வரச் சொல்வார். கந்தபுராணமோ ராமாயணமோ பாரதமோ, கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி அவர்களிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன குழந்தைக்கு மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சின்னப் பரிசு. பெரியவர்கள் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்க, ஏழு வயசுப் பையன் வாயைத் திறந்தால்தான் கதை மேலே நகரும்!

எங்க பெரியப்பாவும் அப்படி ஒரு முன்வரிசையில் உட்கார்ந்தவர்தான். ஒரு கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியுமாம். ஆனா கூச்சத்துல வாய் திறக்கலை. பக்கத்துல இருந்த பையன் சொல்லிட்டு பரிசை வாங்கிட்டுப் போயிட்டான். அறுபது வயசு தாண்டியும் அதைச் சொல்லும்போது தொடையில் அடிச்சுக்குவார். அந்தப் பரிசு என்னன்னு கூட அவருக்கு இப்போ ஞாபகம் இல்லை.

கேசட்ல கேட்கும்போது இன்னொண்ணு கவனிச்சேன். சுவாமிகள் எப்பவும் உச்சத்தில் பேசுவதில்லை. ரொம்ப நேரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசற குரல்தான். இழுத்து, நிதானமா, நடுவில் ஒரு நகைச்சுவை. திடீர்னு ஒரு திருப்புகழ் சந்தம். அப்புறம் ஒரு இடத்தில் குரல் எழும். எழுந்ததும் உடனே அடுத்த வாக்கியத்துக்குத் தாவாம ஒரு நிமிஷம் நிற்பார். அந்த இடைவெளியில் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வரும். சிரிப்பா இருக்கலாம், ஆஹாவா இருக்கலாம், முருகான்னு யாரோ விடும் பெருமூச்சா இருக்கலாம். ஆச்சரியப்படும் வேலையைக் கேட்கறவங்களுக்கே விட்டு வைக்கிறார். நான் கதை சொல்லும்போது அந்த வேலையையும் நானே பண்ணிடறேன்.

இப்போ வர்ற பக்தி வீடியோக்களையும் கூட வச்சுப் பாருங்க. தலைப்பிலேயே மூணு ஆச்சரியக்குறி, சிவப்பு அம்புக்குறி, அதிர்ச்சி, பரபரப்பு. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை குரல் ஒரே உச்சம். என் அக்கா பொண்ணு ஒரே தாழ்வுல சொன்னா, இவங்க ஒரே மேட்டுல சொல்றாங்க. ரெண்டிலும் கதைக்கு மேடு பள்ளம் இல்லை. நம்ம பிளாக்கும் யோக்கியம் இல்லை, ஒத்துக்கறேன். ஆடிக் கிருத்திகை பதிவுக்கு நானே எத்தனை ஆச்சரியக்குறி போட்டேன்னு நேத்து எண்ணினேன். பதினொண்ணு.

இப்போ நான் சொல்லப் போற சம்பவம் உங்க குரூப்புக்கும் பலமுறை வந்திருக்கும். இருந்தாலும் சொல்றேன், ஏன்னா அதை நாம வெறும் ஜோக்கா பார்த்துட்டு ஃபார்வர்டு பண்ணிடறோம்.

திருவிளையாடல் படம் 1965ல் வந்தது. சிவபெருமானாக சிவாஜி கணேசன். ஊரே பார்த்த படம். அதற்குப் பிறகு ஒரு சொற்பொழிவில் சுவாமிகள் முன்வரிசையைப் பார்த்து, முருகனுடைய அப்பா யார் என்று கேட்டாராம். ஒரு பையன் துள்ளி எழுந்து சிவாஜி என்று சொல்லிவிட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துறேன். அந்தப் பையன் இடத்தில் நான் நின்னிருக்கேன்.

எனக்கு அப்போ மூணாங்கிளாஸ். கதை சொல்லும் போட்டி. கதையை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். நடுவில் ஆ என்று வரும், பக்கத்தில் குறி இருக்கும். வீட்டில் சத்தமா படிச்சுப் படிச்சு, அந்தக் குறியையும் சேர்த்தே பழகிட்டேன். மேடையில் ஆ ஆச்சரியக்குறி என்று சொல்லிவிட்டேன். முழு ஹாலும் சிரிச்சது. நடுவரா இருந்தவரும் சிரிச்சார். யாரும் திட்டலை, அடிக்கலை. ஆனா அதுக்கப்புறம் நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் மைக் பக்கம் போகலை. கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன்னதும் முதல்ல ஞாபகம் வந்தது அந்தச் சிரிப்புதான். இன்னைக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் ஸ்டேட்டஸ் சொல்லும்போது என் குரல் தட்டையாத்தான் வரும். அக்கா பொண்ணு குரல் எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

சரி, அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு? சுவாமிகள் சிரிப்பை அடங்க விட்டாராம். பையன் சொன்னது சரிதான் என்றாராம். காந்தியை மரியாதையாகக் காந்திஜி என்கிறோம், நேருவை நேருஜி என்கிறோம், அது போல இந்தக் குழந்தை சிவனை மரியாதையோடு சிவாஜி என்று சொல்லியிருக்கிறான் என்று விளக்கம் கொடுத்தாராம். இப்போ கூட்டம் மறுபடி சிரிச்சது. ஆனா இது வேற சிரிப்பு. முதல் சிரிப்பில் அந்தப் பையன் தனியா நின்னான். ரெண்டாவது சிரிப்பில் அவனும் சேர்ந்து சிரிச்சிருப்பான்.

எத்தனை வினாடியில் இந்தப் பதில் அவருக்குத் தோன்றியிருக்கும் என்றுதான் எல்லாரும் வியப்பாங்க. எனக்கு அதைவிட, அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்த்தார் என்பதுதான் பெரிசாப் படுது. பதினாயிரம் பாட்டு தெரிந்த ஒரு பெரியவர், ஒரு சின்னப் பையனோட துள்ளலைக் காப்பாத்துறதுக்கு தன் புலமை முழுக்க அந்த ஒரு நொடிக்குச் செலவு பண்ணியிருக்கார். அடுத்த ஊர்ல, அடுத்த மேடையில் கேள்வி வந்தால் அந்தப் பையன் மறுபடியும் துள்ளி எழுந்திருப்பான், இல்லையா?

சுவாமிகள் கடைசி வரை பேசிக்கொண்டேதான் இருந்தார். எண்பத்தேழு வயதில் லண்டன் போனார். திரும்பி வரும்போது, 1993 நவம்பர் 7, விமானத்திலேயே இறைவனடி சேர்ந்தார். மயில் வாகனனுடைய பக்தர் ஆகாயத்திலேயே போய்விட்டார் என்று பெரியப்பா சொல்வார். காங்கேயநல்லூரில் முருகன் கோயிலுக்கு எதிரிலேயே அவருடைய நினைவாலயம் இருக்கிறது. போன வாரம் போயிட்டு வந்தேன். எங்க ஊர்ல இருந்து திருவண்ணாமலை, அங்கிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியா வேலூர் பஸ். காலையில் கிளம்பினா சாயங்காலம் வீடு திரும்பிடலாம். நான் போன நேரம் கூட்டம் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டு வந்தேன்.

இந்தக் கிருத்திகைக்கு பிரின்ட் அவுட் கொடுக்கலை. அதுக்குப் பதிலா முந்தின ராத்திரி அக்கா பொண்ணுக்கும் தெருப் பிள்ளைங்க நாலு பேருக்கும் மொட்டை மாடியில் அதே நாவல் பழக் கதையை நான் சொன்னேன். எனக்கு வராத வேலை, உளறினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ம் கொட்டணும், கொட்டலைன்னா கதை நின்னுடும்னு எங்க ஆயா காலத்து சட்டத்தைப் போட்டேன். பத்து நிமிஷத்துல ம் போய், அப்புறம், ஓகோ, அச்சச்சோன்னு அதுங்களே மாத்த ஆரம்பிச்சுது. ஒரு பையன் பழம் விழுந்ததும் ஐ என்றான். மரத்து மேல சின்னப் பையன் தனியா உட்கார்ந்திருக்கான்னு சொன்னதும் இன்னொருத்தி யம்மாடி என்றாள், கீழே விழுந்துடுவானோன்னு அவளுக்குக் கவலை. முருகனுக்கே!

அப்புறம் நான் நிறுத்தினேன். அவ்வைப் பாட்டி இப்போ மண்ணை ஊதறாங்க, மேல இருந்து அந்தப் பையன், பழம் ரொம்பச் சுடுதா பாட்டின்னு கேட்கறான். இவ்வளவு படிச்ச பாட்டி, ஒரு மாட்டுக்காரப் பையன்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. பாட்டி வாயில் இருந்து என்ன வந்திருக்கும்னு கேட்டேன். பதில் சொல்லிக் கொடுக்கலை. சுவாமிகள் மாதிரி நானும் காத்திருந்து பார்த்தேன். ரொம்பக் கஷ்டம் அது. ரெண்டு தடவை நானே சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்தது.

மறுநாள் பூஜையில் அக்கா பொண்ணு கதை சொன்னா. நடுவில் ரெண்டு வாக்கியம் விட்டுட்டா. அவ்வையாருக்குப் பதிலா ஆயான்னு ஒரு இடத்தில் சொல்லிட்டா. பையன் கேள்வி கேட்ட இடம் வந்ததும் சட்டுனு நிறுத்தி, ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு, ஐயே என்றாள்.

நம்ம பக்கத்து ஐயே. எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இருக்காது. ஆச்சரியத்துக்கு ஆ, ஆஹா, அடடா என்றுதான் நானும் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த நிமிஷம் அவ்வைப் பாட்டிக்கு வந்தது ஆச்சரியம் மட்டுமா? வெட்கமும்தானே!

முன்னாடி உட்கார்ந்திருந்த யாரோ சிரிச்சாங்க. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. சிவாஜி மாதிரி ஒரு விளக்கமெல்லாம் எனக்கு எங்க தோணப் போகுது? அதுக்குள்ள பெரியப்பா கையைத் தூக்கி, தொண்டை கிழிய ஒரு அரோகரா போட்டார். கோயில் மொத்தமும் திருப்பி அரோகரா போட்டது. அக்கா பொண்ணு முகத்தில் இருந்த கையை எடுத்து, அவளும் கூடவே கத்திட்டு, மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சா.

வேலும் மயிலும் துணை.